டிரம் கவர்: வாசிக்கும்போது சரியா இருக்கு, பதிவுல கேட்டா இழுக்குது

வியாசை கிக்:

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடி, முதல் மாடியில 10-க்கு 12 அடி ரூம். அஞ்சு பீஸ் செட்: 22 இன்ச் கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்), 14 ஸ்நேர் (அடித்தோல்ல ஒயர் வச்ச டிரம்), 10, 12, 16 டாம். அதோட சிம்பல் தட்டுகள்: காலால மூடித் திறக்கிற ஹை-ஹாட், ஒரு கிராஷ், ஒரு ரைடு. பதிவு பண்ண போன் மட்டும்தான். பாட்டு புளூடூத் இயர்போன்ல ஓடும். அதே போன்ல ஒரு ஆப் வீடியோ எடுத்து, பாட்டையும் டிரம்ஸையும் சேர்த்துக் கொடுத்துடும்.

சினிமா பாட்டை ஓடவிட்டு, அதோட சேர்ந்து டிரம்ஸ் வாசிச்சு (கவர்) நெட்ல போடுறேன். கைப்பழக்கம் முன்னேறணும், அதுதான் நோக்கம். சிக்கல் இதெல்லாம்:

வாசிக்கும்போது பாட்டோட ஒட்டித்தான் இருக்கு. கேட்டுப் பார்த்தா முழுக்க இழுக்குது. கிராஷ் அடிச்ச அடுத்த நொடி கிக் காணாமப் போகுது. கானா பாட்டுல அடி எல்லாம் சரியாத்தான் விழுது, ஆனா அந்த ஆட்டம் வரலை. வீடியோ போட்டா "செம", "வேற லெவல்"னு வருது. எதைத் திருத்தணும்னு ஒருத்தரும் சொல்றதில்லை. முழுப் பாட்டா வாசிக்கணுமா, துண்டு துண்டா எடுத்துப் பழகணுமா? தெரிஞ்ச அண்ணன்கள், அக்காக்கள் விவரமா சொல்லுங்க.

பெரம்பூர் ரிம்ஷாட்:

தம்பி, முதல்ல அந்த புளூடூத்தைக் கழட்டி வை. சாதாரண புளூடூத் இயர்போன்ல பாட்டு காதுக்கு வர 150-லிருந்து 250 மில்லிசெகண்ட் வரை தாமதம் ஆகும். 100 பிபிஎம் (நிமிஷத்துக்கு 100 தட்டு) பாட்டுல, ஒரு தட்டை நாலா பிரிச்சா வர்ற பதினாறாம் பங்கு அடிக்கு இடைவெளி 150 மில்லிசெகண்ட். அதாவது ஒரு "தக"வுல ஒரு எழுத்து அளவுக்கு மேலயே தள்ளிப் போகுது. நீ காதுல கேட்டதோட சரியாத்தான் வாசிக்கிற. ஆப் அதை அசல் பாட்டோட நேரத்துல வச்சுச் சேர்க்குது, அதனால இழுக்குது. ஒயர் இயர்போன் போடு. போன்ல இயர்போன் குத்துற ஓட்டை இல்லைன்னா டைப்-சி மாற்றி ரிச்சி தெருவுல கிடைக்கும்.

அதுக்கப்புறமும் இழுத்தா கருவியா, கையான்னு பிரிச்சுப் பார்க்கணும். பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி நாலு கிளிக் (மெட்ரோனோம் தட்டு) வச்சு, அதோட சேர்ந்து நாலு தடவை ஸ்டிக்கைத் தட்டு. பாட்டு முடிஞ்சதும் அதே மாதிரி நாலு. ரெக்கார்டிங்கை ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டிங் மென்பொருள்ல திறந்து அலை வடிவத்தைப் பெருசாக்கிப் பாரு. முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவு தள்ளி இருந்தா, அது தாமதம். டிராக்கை இழுத்து வச்சா போச்சு. முன்னாடி சரியா இருந்து கடைசியில மட்டும் 10, 15 மில்லிசெகண்ட் விலகினா, ரெண்டு கருவியோட கடிகாரமும் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். பாட்டை ஒரு போன்ல ஓட்டி இன்னொன்னுல பதிஞ்சா இது வரும். ரெண்டு முனையும் சரி, நடுவுல மட்டும் ஏறி இறங்குதுன்னா அதுதான் உன் கை. பயிற்சி தேவைப்படுறது அங்க மட்டும்தான்.

அளவு ஒண்ணு மனசுல வச்சுக்கோ. அசல் பாட்டோட ஸ்நேருக்கும் உன் ஸ்நேருக்கும் 10 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தா காதுக்குப் பெருசா தெரியாது. 20, 30 தாண்டினா ரெண்டு அடியும் பிரிஞ்சு "ஃப்ளாம்" மாதிரி கேட்கும்.

இன்னொரு விஷயம். 80-கள்ல ஆர்கெஸ்ட்ரா முழுக்க ஒண்ணா உட்கார்ந்து வாசிச்சுப் பதிஞ்ச பாட்டுகள்ல வேகம் ஒரே சீரா இருக்கணும்னு இல்லை. சரணத்துக்குப் போகும்போது கொஞ்சம் ஏறும், பல்லவிக்குத் திரும்பும்போது அமரும். அதுல கிளிக் போட்டு வாசிச்சா நீதான் தப்புன்னு தோணும். அந்த மாதிரி பாட்டுக்குக் கிளிக் வேண்டாம். எட்டு பாருக்கு (பார்னா தாளத்தோட ஒரு சுத்து) ஒரு தடவை வேகத்தை அளந்து பேப்பர்ல எழுதிக்கோ: பிரிலூட் (தொடக்க இசை) இவ்வளவு, பல்லவி இவ்வளவு, முதல் இன்டர்லூட் (இடையிசை) இவ்வளவுன்னு. எங்க ஏறுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா உடம்பு தானா போகும்.

முழுப் பாட்டா துண்டான்னு கேட்ட. மூணு நாள் துண்டு, நாலாவது நாள் முழுசு. ஒரு தாள்ல பாட்டோட வரைபடம் போடு: பகுதியோட பெயர், எத்தனை பார், என்ன குரூவ் (திரும்பத் திரும்ப வர்ற தாள அடி), எங்க ஃபில் (பகுதி மாறும்போது போடுற அலங்கார அடி). அதுல கஷ்டமான நாலு பாரை மட்டும் எடுத்து 60 சதவீத வேகத்துல லூப் பண்ணு. தொடர்ந்து எட்டு தடவை தப்பில்லாம வந்தா 5 சதவீதம் ஏத்து. ஒன்பதாவது தடவை தடுக்கினா பத்து சதவீதம் இறக்கு. ஆரம்பத்திலேர்ந்தே முழுப் பாட்டா ஓட்டினா, நாலு நிமிஷத்துல மூணேமுக்கால் நிமிஷம் உனக்கு ஏற்கனவே வர்றதைத்தான் வாசிச்சிட்டிருப்ப.

கொருக்குப்பேட்டை மைக்:

கிராஷுக்குப் பிறகு கிக் காணாமல் போவது உங்கள் காலின் குறை இல்லை. போனில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. பேச்சுப் பதிவுக்காகச் செய்தது. பெரிய சத்தம் வந்ததும் மொத்தத்தையும் அமுக்கிவிடும். பிறகு மெதுவாகத் தூக்கிவிடும். கிராஷ் விழுந்ததும் அமுங்குகிறது, அந்த இடைவெளியில் அடித்த கிக் மூழ்கிப்போகிறது. போதாததற்கு, போன் மைக்கில் அடித்தொனி இயல்பாகவே குறைவு. இதைக் கேட்டுவிட்டுக் காலை ஓங்கி மிதிக்கப் பழகிவிட்டால் பீட்டர் (பெடலின் சுத்தி) தோலிலேயே ஒட்டி நிற்கும், அடுத்த அடிக்குத் திரும்பாது. பதிவின் குறையைக் காலில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

போன் மட்டும் இருந்தால்: கெயினை (மைக் ஒலியை எவ்வளவு கூட்டுவது என்ற அளவை) கையால் வைக்கக்கூடிய ரெக்கார்டர் ஆப் பயன்படுத்துங்கள். பாட்டில் வரும் மிகப் பலமான அடியை அடித்துப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். சோதனையின்போது அடிப்பதைவிட உண்மையான பதிவில் எல்லோரும் ஓங்கித்தான் அடிப்பார்கள், அந்த இடைவெளி வேண்டும். போனைக் கிக்குக்கு எதிரே இரண்டு மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வையுங்கள். அறை மூலையில் வைக்க வேண்டாம். அடித்தொனி மூலையில் குவிந்து கொழகொழவென்று கேட்கும். ஏரோபிளேன் மோடு மறக்க வேண்டாம்.

கொஞ்சம் பணம் போட முடிந்தால், இரண்டு மைக் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), இரண்டு மைக். ஒன்று ஸ்நேரின் நடுவிலிருந்து நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். இன்னொன்று கிக்கின் முன்தோல் ஓட்டையில். மேலே வைப்பது கண்டென்சர் வகை மைக் என்றால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டனைப் போட வேண்டும், இல்லையென்றால் சத்தமே வராது. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது கிக் மெலிந்தால், கிக் டிராக்கில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனைத் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் கிக் கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. காரணம் எளிது: ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. கிக் சத்தம் இரண்டு மைக்கையும் வெவ்வேறு நேரத்தில் அடைகிறது. அலை ஒரு மைக்கைத் தள்ளும்போது மற்றதை இழுத்தால் இரண்டு பதிவும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

செட்டுக்கு இரண்டு ஓவர்ஹெட் (மேலிருந்து கேட்கும் மைக்) வைப்பதானால் ஒரு சணல் கயிறு போதும். கயிற்றின் முனையை ஸ்நேரின் நடுவில் பிடித்து, மேல் மைக் வரை அளந்து முடிச்சுப் போடுங்கள். ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் 16 இன்ச் டாம்) பக்கத்து மைக்கும் அதே முடிச்சுத் தூரத்தில், ஸ்நேரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இங்கிலாந்து ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் பெயரில் வழங்கும் முறை இது. பத்தடி அறையிலும் நன்றாக வேலை செய்கிறது.

சுவர்: முட்டை அட்டை ஒட்டினால் சிம்பலின் மேல்தொனி கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அடித்தொனிக்கு ஒன்றும் ஆகாது, சத்தம் வெளியே போவதும் குறையாது. இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் செட்டுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வையுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

காதைப் பற்றி. 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம் செட் அதை எளிதாகத் தாண்டும். ஒயர் இயர்போனை மாட்டி, அதன் மேல் தொழிற்சாலையில் போடும் காது மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கம் பாதுகாப்புச் சாதனம் விற்கும் கடைகளில் வாங்கலாம். வெளிச்சத்தம் குறைவதால் பாட்டின் சத்தத்தையும் குறைத்துக் கேட்கலாம், கிக் எங்கே விழுகிறது என்பதும் தெளிவாகும்.

புளியந்தோப்பு தகிட:

கானா கேள்விக்கு வர்றேன், நம்ம ஏரியா விஷயம்.

அடி சரியா விழுது, ஆட்டம் வரலைன்னா பெரும்பாலும் ஒரே காரணம்தான். நீங்க சதுஸ்ர நடையில (தட்டை நாலா, நேரா பிரிக்கிறது) வாசிக்கிறீங்க, பாட்டு திஸ்ரத்துப் பக்கம் (மூணா பிரிக்கிறது) சாயுது. கணக்கா சொல்றேன். 120 பிபிஎம்ல ஒரு தட்டுக்கு 500 மில்லிசெகண்ட். நேரா ரெண்டா பிரிச்சா ரெண்டாவது அடி 250-ல விழும். "தகிட"ன்னு மூணா பிரிச்சு, மூணாவது எழுத்துல அடிச்சா 333-ல விழும். டோலக் வாசிக்கிறவரோட அந்த அடி பல பாட்டுல இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ உட்காரும். அந்த இடம் பாட்டுக்குப் பாட்டு, ஆளுக்கு ஆள் மாறும். நோட்டேஷன்ல எழுத முடியாது, அளக்க முடியும். டோலக் மட்டும் தனியா வர்ற எட்டு பாரை வெட்டி எடுங்க. ஒவ்வொரு தட்டுலயும் அந்த ரெண்டாவது அடி எத்தனையாவது மில்லிசெகண்ட்ல விழுதுன்னு எழுதுங்க. அப்புறம் உங்க பதிவுலயும் அதே எட்டு பாரை அளங்க. ரெண்டு வரிசையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஆட்டம் எங்க தொலைஞ்சதுன்னு கண்ணுக்கே தெரியும்.

அளந்ததைக் கைக்குக் கொண்டு வர ஒரு வழி: ஸ்டிக்கைக் கீழ வச்சிட்டு, பாட்டை ஓடவிட்டு, வாயால சொல்லிக்கிட்டே தொடையில தட்டுங்க. வாய்க்கு வராதது கைக்கு வராது. ரெண்டு நாள் இது மட்டும். அப்புறம் ஹை-ஹாட்ல வலது கை, அதுக்கு அப்புறம் கிக்.

செட்டுல எதுக்கு எதுன்னு முடிவு பண்றதும் முக்கியம். டோலக்கோட இடது பக்கக் கனமான அடி கிக்குக்கும் ஃப்ளோர் டாமுக்கும் போகணும். வலது பக்கம் 10 இன்ச் டாமோட விளிம்புக்கோ, ஸ்நேர்ல கட்டை அடிக்கோ (ஸ்டிக்கைப் படுக்க வச்சு விளிம்புல தட்டுறது). டோலக்ல "கும்"முனு வளைஞ்சு ஏறுற சத்தம் கிக்ல வராது. ஃப்ளோர் டாமை வலது கையால அடிச்சு, இடது உள்ளங்கையால தோலை அழுத்தினா சுருதி ஏறும், ஓரளவு கிட்ட வரும். சட்டி மேளத்தோட கூர்மை வேணும்னா ஸ்நேர் ஒயரை இறக்கி விட்டுட்டு, மேல் தோலை நல்லா முறுக்கி, விளிம்புப் பக்கமா அடிங்க. 5ஏ ஸ்டிக் கனமா இருக்கும், அதைவிட மெல்லிசான 7ஏ எடுங்க.

பெரிய தப்பு ஒண்ணு நிறைய கவர்ல கேட்குது. ரெண்டாவது, நாலாவது தட்டுல முழு ரிம்ஷாட் (தோலையும் விளிம்பையும் சேர்த்து அடிக்கிறது) வச்சு ராக் மாதிரி ஆக்கிடுறாங்க. கானாவுல பாடுறவரோட சொல்தான் முன்னாடி நிக்கணும். வரியோட கடைசிச் சொல் மேல கிராஷ் போட்டா எதுகையே காதுல விழாது. கிராஷ் அடிக்கணும்னா வரி முடிஞ்சு மூச்சு எடுக்குற இடத்துல அடிங்க. சாவு வீட்டுல பாடுற மரண கானாவுக்கு கிராஷே வேண்டாம்.

வியாசை கிக்:

நன்றி அண்ணா, எல்லாருக்கும். ஒயர் மாட்டி, முன்னாடி பின்னாடி நாலு அடி வச்சு அளந்தாச்சு. ரெண்டு முனையும் 5 மில்லிசெகண்டுக்குள்ள. குரூவ் வாசிக்கும்போதும் பரவாயில்லை. ஃபில் வந்தா மட்டும் 35, 40 மில்லிசெகண்ட் முன்னாடி ஓடுது, கிராஷ் சீக்கிரம் விழுது. முக்கியமா 10-லிருந்து 16 டாமுக்கு இறங்குற ஃபில்.

பெரம்பூர் ரிம்ஷாட்:

அப்படின்னா இனிமே வேலை சுலபம், இடம் தெரிஞ்சுபோச்சு.

ஃபில் ஓடுறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, டாம்களுக்கு நடுவுல தூரம். 12-லிருந்து 16-க்குப் போகும்போது கை தாண்ட வேண்டிய இடம் அதிகம். எங்க தாமதமாயிடுமோன்னு முந்தின அடிகளை அவசரமா முடிச்சிடுவோம். 16 டாமை உடம்புப் பக்கமா இழுத்து, உயரத்தை ஸ்நேருக்குச் சமமா கொண்டு வா. உட்கார்ந்தபடி முழங்கை நீட்டாம நடுத்தோலைத் தொட முடியணும். ரெண்டு, ஃபில் வாசிக்கும்போது கிக்கும் ஹை-ஹாட் காலும் நின்னுடுது. கால் நின்னா அளவுகோல் போச்சு. ஃபில் முழுக்க இடது காலால ஒவ்வொரு தட்டுலயும் ஹை-ஹாட்டை மிதி.

பயிற்சி: மூணு பார் குரூவ், ஒரு பார் ஃபில். அசல் வேகத்துல 70 சதவீதம். ஃபில் அடிக்கும்போது "தகதிமி"யை வாய்விட்டுச் சொல்லு; மூச்சைப் பிடிச்சா கை இறுகும், இறுகின கை ஓடும். முதல்ல கிளிக் நாலு தட்டுக்கும். அப்புறம் ரெண்டு, நாலுக்கு மட்டும். கடைசியா ரெண்டு பார் கிளிக், ரெண்டு பார் அமைதின்னு வர்ற மாதிரி வை, ஃபில் அந்த அமைதியில விழணும். கிளிக் திரும்ப வரும்போது உன் கிராஷ் அதுமேல உட்கார்ந்தா சரி. ஒரு நாளைக்கு 20 நிமிஷம் போதும், அதுக்கு மேல போனா களைப்புல பழைய பழக்கம் திரும்பிடும்.

ராயபுரம் ரைடு:

பகிர்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. "செம" மட்டும் வருவதற்குக் காரணம், அந்த வீடியோவில் "செம" தவிர வேறு சொல்வதற்கு ஒன்றும் தெரிவதில்லை. பாட்டு சத்தமாக இருக்கும், டிரம்ஸ் அடியில் கிடக்கும், கேமரா முகத்தைக் காட்டும். காலைப் பார்க்காமல் காலைப் பற்றி யார் என்ன சொல்வார்கள்?

கருத்துக் கேட்பதற்கென்று தனியாக ஒரு பதிவு தயார் செய்யுங்கள். 30, 40 நொடி போதும். கேமரா ஹை-ஹாட் பக்கத்திலிருந்து, இடுப்பு உயரத்தில். இரண்டு கை, இரண்டு கால் நான்கும் தெரிய வேண்டும். அதே துண்டை இரண்டு முறை வையுங்கள்: முதலில் பாட்டோடு, பிறகு டிரம்ஸ் மட்டும். கோஸ்ட் நோட் (நடுநடுவே மெல்லத் தட்டும் அடி) சமமாக இருக்கிறதா, ஹை-ஹாட் கை தள்ளாடுகிறதா என்பதெல்லாம் பாட்டை எடுத்துவிட்டுக் கேட்டால்தான் தெரியும். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். "எப்படி இருக்கு" என்று கேட்காமல், "18-வது நொடியில் கிக் ஸ்நேருக்கு முன்னால் விழுகிறதா" என்று கேட்டால், வாசிக்கத் தெரிந்தவர் கட்டாயம் பதில் சொல்வார். இரண்டு வாரம் கழித்து அதே துண்டை, அதே கேமரா இடத்தில், அதே கெயினில் மறுபடி பதிந்து முதல் பதிவுக்குக் கீழேயே போடுங்கள். இடம் மாறினால் ஒப்பிட முடியாது.

அசல் டிரம்ஸ் இல்லாத டிராக் வேண்டுமென்றால் டெமக்ஸ் போன்ற மென்பொருள் பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று பிரித்துத் தரும். ஆனால் நம் சினிமாப் பாட்டுகளில் தபேலா, டோலக், எலக்ட்ரானிக் பேட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பிரித்த பிறகும் சிம்பலின் எச்சம் குரலோடு ஒட்டியிருக்கும், டோலக் பாதி இங்கே பாதி அங்கே போகும். பயிற்சிக்கு அது போதும். கானாவுக்கு மட்டும் இதை நம்பி அளக்காதீர்கள்.

உரிமை விஷயம். பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு: இசையும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. அசல் பாட்டை ஓடவிட்டு அதன்மேல் வாசித்தால் இரண்டையும் தொடுகிறீர்கள். யூடியூபில் கன்டென்ட் ஐடி (பாட்டைத் தானாக அடையாளம் காணும் முறை) வழியாக உரிமைகோரல் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். சில சமயம் சில நாடுகளில் தடுக்கப்படும். ஸ்ட்ரைக் (உரிமையாளர் வீடியோவை நீக்கச் சொல்லி வரும் எச்சரிக்கை) என்பது வேறு: 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போகும். விவரணையில் "உரிமை மீறல் நோக்கமில்லை" என்று எழுதுவதால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து மேலும் ஐந்து ஆண்டு கடந்த பாடல்களுக்கு, முன்னறிவிப்புக் கொடுத்து, தொகை கட்டிக் கவர் செய்ய வழி தருகிறது. அது பாட்டைப் புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு. அசல் ஒலிப்பதிவின்மேல் வாசிப்பதற்குப் பொருந்தாது. கருத்துக்காக மட்டும் என்றால் "அன்லிஸ்டட்" வைத்து இணைப்பை நான்கு பேருக்கு அனுப்புங்கள். நன்றாகக் கேட்கும் நான்கு பேர் கிடைத்தால் அதுவே நிறைய.

தண்டையார்பேட்டை டாம்:

மேல எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க. முதல் மாடின்னு சொன்னதால கீழ்வீட்டைப் பத்தி மட்டும்.

கிக் சத்தம் காத்துல போறதைவிட தளம் வழியாத்தான் இறங்கும். அதுக்குப் பலகை ஒண்ணு பண்ணலாம். மேலயும் கீழயும் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், 6 அடிக்கு 5 அடி, நடுவுல டென்னிஸ் பந்து. பந்தோட விட்டம் சுமார் 6.5 சென்டிமீட்டர். கீழ்ப்பலகையில 5 சென்டிமீட்டர் ஓட்டை போட்டா பந்து ஒரு சென்டிமீட்டர் கிட்ட உள்ள உட்காரும், தரையைத் தொடாது. சதுர அடிக்கு ஒண்ணுன்னு 30 பந்து, ஸ்டூல் வர்ற இடத்துல இன்னும் நாலு சேர்த்து. தெருவுல கிரிக்கெட் ஆடித் தேஞ்ச பந்து போதும், வெடிச்சது ஆகாது. பலகை எந்தச் சுவரையும் தொடக்கூடாது. ஒரு மூலை இடிச்சாலும் அதிர்வு அது வழியா இறங்கிடும். மேல ஒரு பழைய ஜமுக்காளம் போட்டா செட் நகராது.

குடியிருப்புப் பகுதிக்குச் சட்டப்படி பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10-லிருந்து காலையில 6 வரை 45. பலகை போட்டாலும் அகூஸ்டிக் செட் அதுக்குள்ள அடங்காது, அதனால பக்கத்து வீடுகள்ல நேரம் பேசி வச்சுக்கிறதுதான் வழி. சாயங்காலம் 5-லிருந்து 6 வரைன்னு ஒண்ணு சொன்னா அதைத் தாண்டக்கூடாது. தொழுகை நேரம், பரீட்சை மாசம் பார்த்துக்கணும். தெருவுல ஒரு வீட்டுல துக்கம்னா அன்னைக்கு செட்டைத் தொடக்கூடாது. அந்த நாள்லயும் கை நிக்க வேண்டாம்னா, 12 மில்லிமீட்டர் பலகையில மவுஸ் பேடை ஒட்டி மடியில வச்சுக்கிட்டு அந்த ஃபில்லைப் பழகலாம். இடது கால் மட்டும் தரையில மெதுவா தட்டணும்.